இரங்கலில் இறங்கிய ஏளனம்

போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் காலமானார். கேட்டவர்களுக்கெல்லாம் கைமாற்றுக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க மறந்துபோகிற மனிதர். மகன் முகநூலில் படத்தோடு செய்தி போட்டார். அதன் கீழே, தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதினார். சின்ன ‘ர’ வர வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆட்கள் வந்துவிட்டார்கள். ‘எந்த ஸ்டாப்பில் இறங்கல்?’ என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் பேருந்துப் படம் ஒன்றை ஒட்டினார். தமிழ் படித்த ஒருவர் இரக்கத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான்கு பத்திகளில் விளக்கினார். இறந்தவரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலையில் பார்த்தால், தையல்காரர் தம் வரியை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆர், ஐ, பி என்று மூன்று எழுத்துகளைப் போட்டிருந்தார். அதை யாரும் கேலி செய்யவில்லை.

நாம் பதற வேண்டியது அந்த மாலை நேரத்து மாற்றத்தைப் பார்த்துத்தான். இணையத்தில் தமிழ் பிழையாக எழுதப்படுகிறது என்று வருந்தாத மேடை இல்லை. ஆனால் பிழையோடு எழுதிய நேரத்தில் அவர் தமிழில்தான் இருந்தார். அவரை வெளியே தள்ளியது ஏளனம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிற பிள்ளைகளிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். வேகம் என்பார்கள், பழக்கம் என்பார்கள். கொஞ்சம் தயங்கி, ‘தமிழ்ல அடிச்சா தப்பாயிடும் சார், ஓட்டுவாங்க’ என்றும் சொல்வார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான். தீப்பெட்டியை எடுத்துக் கொடுப்பது நாம்.

தையல்காரர் ஏன் ‘ற’ போட்டார்? தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் ‘ர’வும் ‘ற’வும் ஒன்றாகி நெடுங்காலம் ஆகிறது. ‘ந’வும் ‘ன’வும் பெரும்பாலோர் வாயில் ஒரே ஒலி, சொல்லில் எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் எழுதுகிறோம். வாழைப்பழம் பல ஊர்களில் வாளப்பளமாகத்தான் விற்கப்படுகிறது. ஆகவே சரியான எழுத்தைக் காது சொல்லித் தராது, கண்தான் சொல்லித் தர வேண்டும். நிறையப் படித்த கண்ணுக்கு ‘இறங்கல்’ உறுத்தும். முப்பது வருடம் ஊசிமுனையைப் பார்த்துக் குனிந்திருந்த கண்ணுக்கு உறுத்தாமல் போவதில் வியப்பில்லை.

கருவியும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அதில் ‘ர’வுக்கு ஒரு விசை, ‘ற’வுக்கு வேறொரு விசை, ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி இடம். விரல் இறங்கும் முன்பே எந்த எழுத்து என்று மனம் முடிவு செய்தாக வேண்டும். ஆனால் மக்கள் கையில் பரவியதோ, ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கிக்கொள்ளும் முறை. அதில் சின்ன ‘ஆர்’ தட்டினால் ‘ர’ வரும். ‘ற’ வேண்டுமானால் பெரிய ‘ஆர்’ தட்ட வேண்டும், அதற்கு இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரத்தில் யார் அழுத்துவார்? கைபேசியில் அந்தச் சிரமமும் இல்லை. மேலே வரிசையாகச் சில சொற்கள் வந்து நிற்கும், முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டுப் போகிறோம். ‘அப்பா போன பிறகு பெரிய பொருப்பு என் தலையில் விழுந்துவிட்டது’ என்று வாசகர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். பொருப்பு என்றால் மலை. அவர் நிலைமைக்கு அந்தச் சொல்லும் பொருந்தித்தான் போயிற்று.

இதனால் ‘புரிஞ்சா போதும்’ என்கிற கட்சியில் நாம் சேர்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். முதலாளி வேலை கொடுத்தார் என்றால் சம்பளம் வரும். வேலைக் கொடுத்தார் என்றால் முருகன் கையில் இருக்க வேண்டியது நம் கைக்கு வரும். ஓர் ஒற்றுதான் நடுவில் நிற்கிறது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. போதாததற்கு, படியெடுத்தவர்கள் கைப்பிழை வேறு. உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிடுவதற்குள் பல ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடம் காணப் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. ஒரு தலைமுறை கவனமில்லாமல் எழுதிவிட்டுப் போனால், பின்னால் வருகிற ஒருவர் ஆயுளைக் கொடுத்துச் சிக்கெடுக்க வேண்டியிருக்கிறது.

இன்று அந்த இடத்தில் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அது சிக்கெடுப்பதில்லை, எண்ணுகிறது. கைபேசி எடுத்துக் கொடுக்கும் சொல்லும், மொழிபெயர்ப்புச் செயலி துப்பும் வாக்கியமும், இணையத்தில் குவிந்துகிடக்கும் தமிழிலிருந்து கற்றுக்கொண்டவை. ‘சுவரில்’ என்பதைவிட ‘சுவற்றில்’ அதிகமாகக் கண்ணில் பட்டால், அடுத்த முறை சுவரைத் தேடுகிறவனுக்கு அது சுவற்றை நீட்டும். அவன் தொடுவான், எண்ணிக்கையில் இன்னும் ஒன்று கூடும். அந்தக் குவியலில் தையல்காரரின் ஒற்றை வரி ஒரு துளி. குடம் குடமாகக் கொட்டுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்: தொலைக்காட்சிகளின் செய்திப் பட்டைகள், அரசுத் துறைகளின் இணையதளங்கள், வங்கிக் குறுஞ்செய்திகள், பெரிய நிறுவனங்களின் தமிழ் விளம்பரங்கள், பத்திரிகைகளின் இணையப் பக்கங்கள்.

அச்சுக்கோத்த காலத்தில் மெய்ப்புத் திருத்துபவர் என்று ஒருவர் இருந்தார். ஈரம் காயாத நீளத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் எழுதியதையே அடித்துத் திருத்தும் துணிச்சல் அவருக்கு உண்டு. சி.பா. ஆதித்தனார் தம் இதழாளர்களுக்காக ஒரு கையேடே எழுதினார். இப்போது முதலில் ஏற்று, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே வழக்கம். சிக்கனம் என்று வந்ததும் முதலில் காலியானது மெய்ப்புத் திருத்துபவரின் நாற்காலி. ஊரைச் சொல்வானேன், நம் அலுவலகத்தில் மூன்று பேர் இருந்த அந்த மேசையில் இப்போது ஒருவர்தான், அவரும் அரை நாள். வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் ஆங்கில வாசகம் நான்கு பேர் பார்த்த பிறகே வெளியே போகிறது. தமிழை மட்டும் கடைசி நேரத்தில் செயலியில் போட்டு எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தவறினால் மானம் போய்விடும் என்று நடுங்குகிறவர்களுக்குத் தமிழ் தவறினால் ஒன்றும் போவதில்லை.

தமிழ் தவறினால் என்ன போகும் என்பதை இலங்கையில் பார்க்கலாம். அங்கே 1987-ல் கொண்டுவரப்பட்ட 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. அந்த நாட்டுப் பேருந்து ஒன்றில், கர்ப்பிணித் தாய்மார்களுக்கு ஒதுக்கிய இருக்கைக்கு மேலே ‘தாய்’ என்பது ‘நாய்’ என்று எழுதப்பட்டு, அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இருக்கையில் வந்து உட்காரும் தமிழ்ப் பெண்ணிடம் ‘சின்ன எழுத்துப் பிழைதானம்மா’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அங்கே எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது என்றாவது சொல்லலாம். இங்கே அந்தச் சாக்கும் கிடையாது.

தனி மனிதர் பிழையைத் துரத்துகிறவர்களின் புலமை பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்தநாள் பிள்ளையின் பக்கத்தில் ‘வாழ்த்துக்கள்’ என்று யாராவது எழுதிவிட்டால், ‘அது என்ன, வாழ்த்தும் கள்ளா?’ என்று ஒரு கள்ளுக்கடையையே திறந்துவிடுகிறார்கள். கறுப்பா, கருப்பா என்பதில் நல்ல எழுத்தாளர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். பிழை பார்க்கிறவர்களின் குணம் பற்றி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த மின்னஞ்சல்களைப் படிக்கக் கொடுத்து, எழுதியவர்களை மதிப்பிடச் சொன்னார்கள். பிறரோடு இணங்கிப் போகும் குணம் குறைந்தவர்களே இலக்கணப் பிழை செய்தவர்களைக் கடுமையாக எடை போட்டார்கள். 83 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், அதை வைத்து யாருக்கும் முத்திரை குத்த முடியாது. ஆனாலும் பேருந்துப் படம் ஒட்டியவர் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

செய்ய முடியாத எதையும் நாம் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி அரசு அலுவலகங்களில் தமிழ் நடக்கிறதா என்று தமிழ் வளர்ச்சித் துறை அலுவலர்கள் போய்ப் பார்க்கிறார்கள். கோப்பைப் புரட்டுகிற அதே கையால் அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்தையும் திறந்து பார்க்கட்டும்; பிழைக்கு இத்தனை நாளில் திருத்தம் என்று கெடு வைக்கட்டும். தொலைக்காட்சிகள் ஒவ்வொரு முறைமாற்றுக்கும் ஒரு மெய்ப்புத் திருத்துபவரை அமர்த்தட்டும். ஒப்பனைக்கு ஆகும் செலவில் அது ஒரு பங்கும் வராது. நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய வாணி, நாவி போன்ற திருத்திகள் இணையத்தில் இருக்கின்றன. தனியொருவர் உழைத்துச் செய்து வைத்ததை ஒரு முறை ஓட்டிப் பார்க்கக்கூடக் கோடிகள் புரளும் நிறுவனங்களுக்கு நேரமில்லை என்பதை நம்ப முடியவில்லை. தனி ஆளின் பிழை கண்ணில் பட்டால், உள்பெட்டியில் ஒரு வரி போதும். துக்க வீடாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

இந்த வாரம் சட்டைத் துணியோடு தையல்காரரைப் பார்க்கப் போயிருந்தோம். முகநூல் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அளவுச் சீட்டில் பேனாவால் எழுதினார்: ‘கை சுறுக்கம். திங்கள் தரனும்.’ எல்லாம் தமிழில். சீட்டைக் கிழித்து நம்மிடம் நீட்டும்போது அவர் கை தயங்கவே இல்லை.