திரிபு எனக் குறித்த கை: ஆய்வுப்பொருள் தேர்வும் ஆய்வாளர் சார்பும்

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருள் தேடுவோர் தமிழ்த்துறைகளில் பெரிதும் கேட்கும் அறிவுரை, 'நன்கறிந்ததை எடுத்துக்கொள்' என்பதாகும். களஆய்வு எனில் சொந்த ஊர் நன்று. அலைச்சல் குறையும், கதவுகள் திறக்கும், வட்டார வழக்கு விளங்கும். இவ்வறிவுரையை ஏற்றே, ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் வழங்கும் ரேணுகாம்பாள் பற்றிய வாய்மொழிக் கதைகளை ஆய்வுப்பொருளாகக் கொண்டேன். அம்மன் எங்கள் குலதெய்வம். அறிவுரை பொய்க்கவில்லை, கதவுகள் திறந்தன.

சமதக்கினி முனிவரின் ஆணைப்படி மகன் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையைத் துணிக்கிறான். பின் வரம் பெற்று அவளை உயிர்ப்பிக்கிறான். படவேட்டுக் கருவறையில் வழிபடப்பெறுவது அம்மனின் சிரசு. நான் வீட்டில் கேட்டு வளர்ந்த கதையில் ரேணுகை முழு உருவோடு எழுகிறாள். களத்தில் மூதாட்டி ஒருவர் சொன்ன கதையிலோ, பதற்றத்தில் மகன் தாயின் தலையை ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தியின் உடலில் பொருத்திவிடுகிறான். இவ்வடிவம் புதியதன்று, மாரியம்மன் கதையாகப் பல இடங்களில் வழங்குவது. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட பயணநூலிலேயே இது இடம்பெற்றுள்ளது. அந்நூலின் வழியாகவே செருமானியக் கவிஞர் கேத்தேயின் 'பரியா' என்னும் முத்தொடர்க் கவிதைக்கும் இக்கதை சென்று சேர்ந்தது.

இவையனைத்தும் நான் படித்தறிந்தவை. எனினும் அன்றிரவு ஒலிப்பதிவை எழுத்தாக்கியபோது, வீட்டுக் கதையின் அருகில் 'மூலக்கதை' என்றும், மூதாட்டியின் கதைக்கு அருகில் 'திரிபு' என்றும் குறித்திருந்தேன். எது முந்தியது என்பதற்கு என்னிடம் எச்சான்றும் இல்லை. ஒரு தொன்மம் என்பது அதன் எல்லா வடிவங்களும் சேர்ந்ததே என்று லெவி ஸ்ட்ராஸ் 1955இல் எழுதியதை ஆய்வியல் நிறைஞர் தேர்வில் விளக்கி எழுதி மதிப்பெண்ணும் பெற்றவள் நான்!

மறுமுறை சென்றபோது வீட்டுக் கதையை அவரிடம் சொன்னேன். "ஏம்மா, உங்க ஊட்டுக் கதையில அந்த ஒடம்புக்காரி எங்க போனா?" என்று கேட்டார். அவர் நோக்கில் திரிந்தது எங்கள் கதை.

அப்படியாயின் தொலைவான பொருளைத் தேர்வதே தக்கது என்பர் சிலர். இதனை ஏற்பதற்கில்லை. சைவச் சூழலில் கற்று வளர்ந்த உ.வே.சாமிநாதையருக்குச் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி தொலைவுப் பொருளே. சமணக் கோட்பாடு விளங்காத இடங்களைத் தம் ஊகத்தால் நிரப்பாமல், கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச் சென்று கேட்டறிந்த பின்னரே 1887இல் அவர் அதனைப் பதிப்பித்தார். அந்நூலைத் தமதெனக் கொண்டோர் திருத்துவதற்கு இடமளித்ததே அவருக்குத் துணைநின்றது. தொலைவு மட்டும் அதைச் செய்திராது.

நம் ஆய்வேடுகளின் முன்னுரையில் நோக்கம், கருதுகோள், எல்லை, அணுகுமுறை எல்லாம் உண்டு. ஆய்வாளர் எதைக் கண்டடைய விரும்புகிறார் என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை. களத்துக்குச் செல்லுமுன் அவ்விருப்பத்தை ஒரு பக்கத்தில் எழுதி, நாளிட்டு நெறியாளரிடம் அளிக்க வேண்டும். அது ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அச்சாக வேண்டும். தலைப்புப் பதிவுக்கும் இது உதவும். 'வழிபாட்டின் சிறப்புகள்' என்று பதிவு செய்தவர் சிறப்பல்லாத எதையும் காணப்போவதில்லை. எனது முதல் தலைப்பும் அத்தகையதே.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. இது ஆய்வாளரைத் தம் சாதியை வெளியிடச் செய்யும். புறத்தேர்வாளர் ஆய்வை விடுத்து ஆளை மதிப்பிடக்கூடும். பிறப்பைக் கேளாது, பொருளோடுள்ள உறவை மட்டும் கேட்டால் போதும் என எண்ணினேன். ஆனால் குலதெய்வம் என்று எழுதியவுடனேயே என் வகையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இதற்கு இன்னும் விடை காணவில்லை.

'திரிபு' என்ற சொல்லை அடித்து, 'வடிவம் 2' என மாற்றியுள்ளேன். பின்னர் 'மூலக்கதை' என்பதையும் அடித்து 'வடிவம் 1' என்று எழுதினேன். இதற்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று. அடித்தல்கள் தெரியும் அப்பக்கத்தை அவ்வாறே பின்னிணைப்பில் சேர்க்க நெறியாளரின் இசைவைக் கேட்டிருக்கிறேன்.