மெஷினில் கொடுத்தால் பதம் போச்சு! பட்டியலில் இடமில்லாத சாணைத் தொழிலாளிகள்

கொற்கை:-

இரும்புக்கு 5,300 வயசு என்று ஊர் உலகத்துக்குச் சொன்ன மாவட்டம் தூத்துக்குடி. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரி 23-ல் ஆய்வு அறிக்கையை வெளியிட்டது. பக்கத்தில் இருக்கும் ஆதிச்சநல்லூரிலும் 100 வருஷத்துக்கு முன்பே இரும்பு வாளும் கத்தியும் கிடைத்தன. ஆனால் இன்றைக்கு ஒரு நல்ல அருவா மழுங்கிவிட்டால் அதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் லேசில் பதில் கிடைப்பதில்லை.

தெருவில் குரல் கொடுத்தபடி தோளில் சக்கரத்தைச் சுமந்து வந்த சாணைக்காரர்களை இப்போது அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. மீதி இருப்பவர்கள் சைக்கிளிலோ, பழைய மொபெட்டிலோ மோட்டாரைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக் காய்கறிக் கத்திக்கு இது போதும். பிரச்சினை மற்ற கத்திகளில்தான் இருக்கிறது.

சாணை என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. தூத்துக்குடி மீன் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். சூரையும் சீலாவும் பெரிய துண்டு. முள்ளோடு சேர்த்து ஒரே போடில் வெட்ட வேண்டும். இதற்கான கத்திக்கு விளிம்பு கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். அதையே மெலிதாகத் தீட்டிவிட்டால் முதல் நாளே முள்ளில் பட்டு பல் விழும். தோலை உரித்து சதையை மட்டும் சீவி எடுக்கும் கத்தி இதற்கு நேர் எதிர். அது மெலிதாக, லேசாக வளைகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சாய்வில் பிடித்துக் கொடுக்கிறவர் இரண்டையுமே கெடுத்துவிடுவார்.

மொன்னைக் கத்தியால் மீன் மட்டும் நைந்து போவதில்லை. வெட்டுகிறவர் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. ஈரக்கை, வழுக்கும் மீன், அழுத்தும் கத்தி. விரல் போவது இப்படித்தான். மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுத்து அன்றாடக் கூலி பார்க்கும் பெண்களுக்கு ஒரு விரலில் தையல் போட்டால் ஒரு வாரப் பிழைப்பு போச்சு. உப்புக்காற்று வேறு. ராத்திரி துடைக்காமல் வைத்த கத்தியில் காலையில் துரு நிற்கும்.

அடுத்து பாளை அருவா. உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கருப்பட்டிக்குப் பதநீர் சொட்ட வேண்டுமானால் பாளையை தினமும் இழை இழையாகச் சீவ வேண்டும். அந்த அருவா சவரக்கத்தி மாதிரி இருந்தால்தான் பாளையின் வாய் திறந்திருக்கும். நசுங்கினால் சொட்டு நின்றுவிடும். அதனால் பனையேறிகள் பாளை அருவாவை வெளி ஆளிடம் கொடுப்பது கிடையாது. மரக்கட்டையில் கல்பொடி தூவி தாங்களே தீட்டிக்கொள்வார்கள். இந்தக் கைப்பழக்கம் அப்பா கையைப் பார்த்து மகனுக்கு வருவது. மரம் ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வரும்போது தீட்டத் தெரிந்த கையும் சேர்ந்தே குறைகிறது. மெஷினில் இந்த அருவாவைக் காட்டினால் கதை முடிந்தது.

நீலம் பூத்தால் கத்தி அவுட்

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் சூடு. பட்டறையில் இரும்பைக் காய்ச்சி, அடித்து, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி பதம் ஏற்றுகிறார்கள். அந்தப் பதம்தான் கத்தியின் உயிர். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் சாதாரண கிரைண்டிங் மெஷின் நிமிடத்துக்கு சுமார் 2,800 சுற்று சுற்றுகிறது. மெலிந்த விளிம்பை அதில் நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தாலே போதும், சூடு எகிறிவிடும். விளிம்பில் நீல நிறம் பூத்துவிட்டால் அந்த இடம் சுமார் 300 டிகிரி சூட்டைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சாதாரண உருக்குக் கத்திக்கு அது அதிகம். அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. பிறகு எத்தனை தடவை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

தீப்பொறி பறந்தால் நல்ல சாணை என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் பறப்பது கத்தியின் ஆயுசு.

காலால் மிதித்த பழைய சாணைச் சக்கரம் மெதுவாகச் சுற்றியது. அதனால் சூடு குறைவு. பழைய ஆட்கள் பக்கத்தில் தண்ணீர் டப்பா வைத்து அடிக்கடி கத்தியை முக்கி எடுத்ததும் இதற்குத்தான். மோட்டார் வந்த பிறகு வேகம் வந்தது, தண்ணீர் டப்பா காணாமல் போனது. மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. மெஷினிலேயே தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து அருமையாகப் பிடிக்கிற கைகளும் உண்டு. அந்தக் கை யாருடையது என்பதுதான் முக்கியம்.

தையல் கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கத்திரிக்கு இரண்டு அலகு. இரண்டும் ஒன்றையொன்று உரசும் உள்பக்கத்தில் லேசான குழிவு இருக்கும். தெரியாதவர் அந்த உள்பக்கத்தையே சாணையில் வைத்துத் தட்டையாக்கிவிடுவார். அப்புறம் துணி வெட்டாது, மடங்கும். நல்ல ஆள் வெளிப்பக்கச் சாய்வை மட்டும் தொட்டு, திருகாணியைச் சரி பண்ணி, நனைந்த துணியை நுனி வரை வெட்டிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார். பல் வைத்த கதிர் அருவாளுக்கும் ரொட்டிக் கத்திக்கும் சக்கரமே ஆகாது. மெல்லிய அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவ வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை, கூலியோ சொற்பம்.

சலூன் வேலை முன்பே போய்விட்டது. எய்ட்ஸ் பயம் பரவிய காலத்தில் மடக்குக் கத்தி போய், ஆளுக்கொரு புது பிளேடு வந்தது. உடம்புக்கு அது நல்லதுதான். சாணைக்காரருக்கு ஒரு வாடிக்கை போனது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு. கொல்லர், பூட்டுத் தொழிலாளி, முடி திருத்துபவர், தையல்காரர், மீன்வலை பின்னுபவர் எல்லோரும் இருக்கிறார்கள். சாணை பிடிக்கிறவர் இல்லை! அவருடைய வாடிக்கையாளர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது, அவருக்குக் கிடைக்கவில்லை. தமிழக அரசு அந்தத் திட்டத்தை அதே வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் எழுதிவிட்டு, 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன் தரும் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால் தெருவில் சுற்றும் சாணைக்காரருக்கு நேராகப் பொருந்துவது 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம்தான். பொருள் விற்பவர் மட்டுமல்ல, தெருவில் சேவை செய்பவரும் வியாபாரிதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சுற்றி வந்து தொழில் செய்பவருக்கும் இடம் உண்டு. அடையாள அட்டை இருந்தால் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 15 ஆயிரம் ரூபாய் வரை கடன் வாங்கலாம். முன்பு 10 ஆயிரமாக இருந்ததை 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். ஒரு நல்ல மோட்டாரும் நாலு வகைக் கல்லும் வாங்க இது உதவும்.

சிக்கல் எங்கே என்றால், கணக்கெடுப்பில். அதிகாரி வருகிற நாளில் தள்ளுவண்டிக்காரர் அதே முக்கில் நிற்பார். சாணைக்காரர் இன்றைக்கு ஏரலில் இருந்தால் நாளைக்கு ஆத்தூர், அடுத்த நாள் திரேஸ்புரம். எந்த ஊர்ப் பட்டியலில் அவரைச் சேர்ப்பது?

போலீஸ் விவகாரமும் உண்டு. 2021 செப்டம்பரில் டி.ஜி.பி. சைலேந்திரபாபு உத்தரவில் தமிழகம் முழுக்க ரவுடிகள் வேட்டை நடந்தது. அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ளும்படி பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அப்போது சொல்லப்பட்டது. அது செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் சொன்னது. தீட்டிக் கொடுப்பவர் விற்பவர் அல்ல. ஆனால் தெற்கத்தி மாவட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நீள அரிவாளை நீட்டினால், கையில் அட்டையும் இல்லாத சாணைக்காரர் என்ன செய்வார்? சத்தம் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

கொற்கைக்கு இது புது விஷயமும் அல்ல. இங்கே வளையலுக்காக அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்ததை, தூத்துக்குடியில் முத்து, சங்கு குளிப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சங்கு கல் மாதிரி கெட்டி. அதை வட்டமாக அறுக்கும் ரம்பம் சீக்கிரம் மழுங்கும். துறைமுகமாக இருந்த அந்தக் காலத்துக் கொற்கையிலும் ரம்பத்தைக் கூர் பண்ண ஒரு கை இருந்திருக்க வேண்டும்.

மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு நிற்கும்போது மார்க்கெட்டில் வெட்டு வேலையும் குறையும். பெரிய கத்திகளை நிதானமாகக் கைதேர்ந்த ஆளிடம் கொடுத்து வாங்க அதுதான் தோதான நேரம். கொடுக்கும்போது பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வாங்கும்போது விளிம்பில் நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த முறை அவரிடம் கொடுக்க வேண்டாம்.