செல்லம்மாளின் அரிசி

பாரதி விழா மேடைகளில் ஒரு கதை தவறாமல் சொல்லப்படுகிறது. உலைக்கு வைத்திருந்த அரிசியைக் கவிஞர் சிட்டுக்குருவிகளுக்கு வாரி இறைத்தாராம், கூட்டம் கைதட்டுகிறது. அன்று உலை வைக்கச் செல்லம்மாள் என்ன செய்தார் என்று வினவுவார் ஒருவருமில்லை.

மேட்டுப்பாளையத்து நமக்கு அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு நெடுந்தொலைவன்று. 1908 முதல் 1918 வரை புதுவையில் அவர் பாடியதெல்லாம் நம் உரிமை என்கிறோம். அந்த அடுப்படியின் வரலாறு மட்டும் யாருக்கு உரியது?

‘ஷெல்லிதாசன்’ எனப் புனைபெயர் பூண்ட கவிஞருக்குப் பெண்மையின் பெருமையை உணர்த்தியவர் நிவேதிதை என்பர். மெய்யே, 1908இல் வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்கள்’ அவருக்கே காணிக்கை. ஆயினும், 1921இல் கவிஞர் மறைந்தபின், பாரதி ஆச்ரமத்தின் பெயரால் 1922இல் அப்பாடல்களை அச்சேற்ற முனைந்தவர் செல்லம்மாள் அன்றோ! மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, சிறுமியாய்க் கண்டதை எழுதிவைத்திராவிடில் புதுவை இல்லத்தின் சிரிப்பும் வறுமையும் நமக்கு இவ்வளவு தெரிந்திரா. அவர் நூலிலிருந்து எடுத்தாள்வோர் அவர் பெயரை மட்டும் விழுங்கிவிடுகின்றனர்.

“வீட்டுப் பெண்களின் பேச்சு வரலாறாகுமா?” என நம்மவரே சிலர் கேட்கின்றனர். யார் கேட்பது? நாயகம் (ஸல்) அவர்களின் இல்லற வாழ்வை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாய்மொழியால் அறிந்த சமுதாயமா? அன்னையார் அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. சஹாபாக்களே ஐயம் தீர்க்க அவர்களை நாடினர்.

விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுவோர் யதுகிரியின் நூலை முதலில் படிக்கட்டும். குருவிக் கதையைப் பின்னர் சொல்லலாம்.