புதுக் கணிப்பொறி ஏன் மயங்கி விழுகிறது?



சென்ற திங்கள் ஆரணியில் உள்ள நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்த அவ்வூர் பட்டினாலும் அரிசியினாலும் பெயர் பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். நண்பர் வீட்டுக் கூடத்தில் குழித்தறி ஒன்று இடையறாது ஒலித்துக்கொண்டிருந்தது. அடுத்த அறையில், மேசையின் மீது, புத்தம் புதிய கணிப்பொறி ஒன்று வாய் மூடிக் கிடந்தது. அதன் எதிரே நண்பரின் மகன் தலையில் கை வைத்து அமர்ந்திருந்தான்.

சேலையின் கரைக்கும் முந்திக்கும் உரிய பூவேலையைக் கணிப்பொறியில் கட்டம் கட்டமாக வரைந்து, அட்டை குத்துவோரிடம் கொடுப்பது அவ்விளைஞனின் தொழில். முன்னாளில் கட்டத்தாளின் மீது குனிந்து வாரக்கணக்கில் வரைந்த வேலை அது. ஆரணியில் மட்டுமன்றி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலிருந்தும் அவனுக்கு வேலை வருகிறது. பழைய கணிப்பொறி தள்ளாடத் தொடங்கவே, தாயாரின் வளையல்களை அடகு வைத்த பணத்தைக் கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வந்து, தன் கையாலேயே பூட்டியிருக்கிறான்.

பூட்டிய நாள் தொட்டே தொல்லைதான். வேலை நடந்துகொண்டிருக்கும்போது திரை திடீரென நீலமாகும். ஏதோ ஒரு செய்தி தோன்றும். கணிப்பொறி தானே அணைந்து தானே எழும். ஒரு நாள் ஒரு முறை, மறுநாள் ஐந்து முறை. மூன்று வாரம் இப்படியே கழிந்தது. இரண்டு முகூர்த்தச் சேலைகளுக்கு முன்பணம் வாங்கியாயிற்று; பூவேலை பாதியில் நிற்கிறது. “கடைக்காரர் பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டார்” என்பது தாயாரின் கட்சி. “மதர்போர்டு கெட்டுவிட்டது மாமா, இன்னொன்று வாங்க வேண்டும்” என்பது மகனின் கட்சி. இன்னொன்று வாங்க அடகு வைப்பதற்கு அவ்வீட்டில் வேறு வளையல் இல்லை.

என்னென்ன செய்து பார்த்தாய் என்று கேட்டேன். விண்டோஸை மும்முறை அழித்துப் புதிதாக ஏற்றியிருக்கிறான். அதே நாளில் கேபிளை மாற்றியிருக்கிறான், டிரைவர்களை மாற்றியிருக்கிறான், மின்விசிறியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறான். சில சமயம் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு மீண்டும் விழுந்தது. எதனால் ஓடியது, எதனால் விழுந்தது என்று கேட்டால் அவனிடம் விடையில்லை.

இதையெல்லாம் தறியில் அமர்ந்தவாறே கேட்டுக்கொண்டிருந்த நண்பர், நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “தம்பி, சேலையில் பூ ஒன்று பிசகினால் நான் தறியையே பிரித்துப் போடுவேனா? முதலில் அட்டையைப் பார்ப்பேன். அட்டை சரியென்றால் ஊசியைப் பார்ப்பேன். ஊசியும் சரியென்றால் அது தூக்கும் இழையைப் பார்ப்பேன். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது கெட்டிருந்தது என்று எனக்கே தெரியாமற் போகும்.”

நண்பர் கணிப்பொறியைத் தொட்டதில்லை. ஆயினும் அவர் பேச உரிமையுள்ளவரே. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு அமைத்த அட்டைப் பொறிதான் இன்றும் அவர் தலைக்கு மேலே தொங்குகிறது. துளை இருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது என்னும் அந்த ஏற்பாட்டைக் கண்டே ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ், தாம் 1830-களில் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அட்டைகளைக் கொள்ளலாம் என்று எண்ணினார். கூடத்துத் தறியும் மேசைக் கணிப்பொறியும் ஒருவகையில் உறவினரே.

அன்று மாலை தகப்பனாரின் வழியிலேயே இறங்கினோம். முதலில் கணிப்பொறி எப்படி விழுகிறது என்பதைக் குறித்துக்கொண்டோம். யாதொரு செய்தியுமின்றி, விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று அணையுமாயின், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையோ சூட்டையோ ஐயுற வேண்டும். நீலத்திரை ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பின் பெயரைச் சொன்னால், அக்கோப்புக்குரிய டிரைவரை முதலில் பார்க்கலாம். முறைக்கொரு செய்தியாக மாறி மாறிச் சொன்னாலோ, ராம் என்னும் நினைவகத்தின் மீதே ஐயம் விழுகிறது. இவை விதிகளல்ல, தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கான குறிப்புகள்தாம். இவனுடைய கணிப்பொறி ஏழு முறை விழுந்ததில் ஐந்து வெவ்வேறு செய்திகளைக் காட்டியிருந்தது.

விண்டோஸின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பாக எழுதியிருப்பதைக் காட்டி, “மின்சாரக் கோளாறு என்று அதுவே சொல்கிறதே” என்றான். பலரும் இவ்விடத்தில் இடறி விழுகிறார்கள். கணிப்பொறி முறைப்படி மூடப்படாமல் அணைந்தது என்பதற்கு மேல் அப்பதிவு ஒன்றும் சொல்வதில்லை. ஆள் இறந்தார் என்று எழுதிவிட்டு நோயின் பெயரை எழுதாமல் விட்ட சான்றிதழ் போன்றது அது.

சூட்டையும் பார்த்தோம். பிராசஸரின் மீது அமரும் குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து பூட்டிவிடுபவர் உண்டு. கேட்டதும் இளைஞன் சற்றே கோபித்துக்கொண்டான். அவன் உரித்துத்தான் பூட்டியிருந்தான். பிராசஸருக்கு மின்சாரம் செல்லும் இணைப்பு முழுவதும் உள்ளே அமர்ந்திருந்தது. வீட்டு மின்சாரம் பிற்பகலில் ஏறி இறங்குவது உண்மையே. ஆனால் கணிப்பொறி யு.பி.எஸ். வழியாக ஓடியது, விழுந்ததும் பெரும்பாலும் இரவில்தான். எனவே நினைவகத்திற்கு வந்தோம்.

நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்னும் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்க வேண்டும். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, மாறியிருந்தால் சிவப்புக் கோடிட்டுக் காட்டும். ஒரு முழுச் சுற்றுக்குச் சில மணி நேரமாகும். ஆகவே இரவில் விட்டுவிட்டு உறங்கப் போவது நலம்.

அவனிடம் இருந்தவை 16 ஜி.பி. வீதம் இரண்டு ராம் பலகைகள். முதல் இரவு இரண்டையும் பூட்டியபடியே விட்டோம். விடியுமுன் பன்னிரண்டு சிவப்புக் கோடுகள். இளைஞன் அப்போதே அவற்றைக் கடையில் வீசிவிட்டு வரப் புறப்பட்டான். தகப்பனார் தடுத்தார். இரண்டாம் இரவு ஒரு பலகை மட்டும், பிழை இல்லை. மூன்றாம் இரவு மற்றொன்று மட்டும், அதே பள்ளத்தில். அப்போதும் பிழை இல்லை.

இங்கேதான் புதிர். தனித்தனியே நல்லவை சேர்ந்தால் ஏன் பிழைக்க வேண்டும்? ராம் பெட்டியின் மீது 6000 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அது அந்தப் பலகைகள் எட்டக்கூடிய வேகமே தவிர, எல்லாக் கணிப்பொறிகளிலும் எட்டியே தீரும் வேகம் அன்று. பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்கினால்தான் அவ்வேகம் வரும். இயக்காவிடில் அவை 4800-இல் அடக்கமாக ஓடும். கூடுதல் வேகத்தைத் தாங்குவது பலகைகளின் கையில் மட்டும் இல்லை. பிராசஸருக்குள் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியும், மதர்போர்டின் கம்பித் தடங்களும் ஒத்துழைக்க வேண்டும். பலகைகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்தச் சுமையும் கூடுகிறது. இளைஞன் முதல் நாளே எக்ஸ்.எம்.பி.யை இயக்கியிருந்தான். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை விடுவானேன்?

நான்காம் இரவு அதை அணைத்து, இரண்டு பலகைகளையும் 4800-இல் ஓட விட்டோம். காலையில் திரையில் ஒரு சிவப்புக் கோடும் இல்லை.

“பாவு பிணைக்கிற மாதிரிதான்” என்றார் நண்பர். தறியில் பழைய பாவு முடியும்போது, அதன் ஆயிரக்கணக்கான இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பிணைப்பார்கள். பழைய இழையும் நல்லது, புது இழையும் நல்லது. பிணைப்புத் தளர்ந்தால் அறுகிறது. கடைக்காரர் மீது சாற்றிய குற்றம் அன்றைக்கே விலகிற்று. புது மதர்போர்டு என்னும் பேச்சும் நின்றது.

ஆனால் எனக்கு வேறொரு கவலை. பிழைக்கும் நினைவகம் எப்போதும் கணிப்பொறியைக் கவிழ்ப்பதில்லை; சில வேளை ஓசையின்றி ஓர் எண்ணை மாற்றிவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் தொடர்ந்து ஓடும். பெல்ஜியம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்னும் இடத்தில் ஒரு வேட்பாளருக்குக் கணக்குக்கு ஒவ்வாத அளவில் வாக்குகள் பதிவாயின. ஆராய்ந்தபோது சரியாக 4096 வாக்குகள் மிகுதி. நிரலில் குற்றம் காணப்படவில்லை. 4096 என்பது இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண். நினைவகத்தில் ஒரே ஒரு துகள் 0-விலிருந்து 1-ஆகப் புரண்டதே காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

நீலத்திரை வந்தால் நமக்குத் தெரிகிறது. கவிழாமல் ஓடிய நேரத்தில் சேமித்த பூவேலைகளின் கதி என்ன? அம்மூன்று வாரத்தில் சேமித்த கோப்புகளை எல்லாம் இளைஞன் திறந்து, பெரிதாக்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்தான். முகூர்த்தச் சேலையின் கரையில், ஒரு மாங்காயின் நுனியில், ஒரே ஒரு கட்டம் நிறம் மாறியிருந்தது. அது நினைவகத்தின் பிழையா, கை தவறியதா என்று யாரால் சொல்ல முடியும்? அப்படியே அட்டைக்குப் போயிருந்தால், ஆறு கஜமும் மாங்காய்தோறும் அந்தப் பிழை வந்திருக்கும். தாயார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். புதிதாகப் பூட்டிய கணிப்பொறியில் சோதனை முடியுமுன் தொழில் வேலையைத் தொடங்காதீர்கள் என்றும், பழைய கணிப்பொறியை உடனே விற்றுவிடாதீர்கள் என்றும் நான் சொல்வது இதனாலேதான்.

உறுப்பே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் சில அடிக்கடி கவிழ்ந்தபோது, பயன்படுத்துவோர் பல மாதங்கள் விளையாட்டு நிரல்களையும் கிராபிக்ஸ் டிரைவரையும் நொந்துகொண்டார்கள். மிகையான மின்னழுத்தமே காரணம் என்று அந்நிறுவனம் 2024 ஜூலையில் அறிவித்து, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்து, பயாஸ் வழியாகத் திருத்தமும் தந்தது. முன்னரே பழுதான பிராசஸரை அத்திருத்தம் குணப்படுத்தாது. மாற்றித்தான் பெற வேண்டும். ஆகவே புதுக் கணிப்பொறி எதுவாயினும் மதர்போர்டு நிறுவனத்தாரின் பக்கத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றும்போது மட்டும் மின்சாரம் நின்றுவிடக் கூடாது, யு.பி.எஸ். இல்லாத வீட்டில் அவ்வேலையைச் செய்ய வேண்டாம்.

இளைஞனுக்கு 6000-ஐ விட மனமில்லை. புதிய பயாஸை ஏற்றிவிட்டு மீண்டும் முயலலாமா என்று கேட்டான். முகூர்த்தச் சேலைகள் தறியிலிருந்து இறங்கிய பிறகு முயலச் சொன்னேன். கட்டம் வரைவதற்கு 4800-க்கும் 6000-க்கும் உள்ள வேறுபாட்டை அவன் கண்ணே அறியாது. நான் விடைபெறும்போது, சோதனைகளின் தேதியையும் முடிவையும் ஒரு தாளில் எழுதி, கேபினெட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். தறியின் ஓசை மீண்டும் தொடங்கியிருந்தது.