விற்கிற வண்டிக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்?

ஏப்ரல் பிறந்தால் வங்கிக்காரர்கள் வீட்டில் டிரான்ஸ்ஃபர் பேச்சு ஆரம்பித்துவிடும். இங்கே நாக்பூரில் நம்ம தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவைத் திறந்தால் வரிசையாக வரும்: வாஷிங் மெஷின் விற்பனைக்கு, டைனிங் டேபிள் விற்பனைக்கு, கார் விற்பனைக்கு. மற்றதையெல்லாம் விற்றால் காசு வாங்கி, தூக்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். காரை மட்டும் அப்படி மறக்க முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன மாதம் ஒரு நண்பர் கேட்டார்: "பாலிசி அடுத்த வாரம் முடியுது சார். எப்படியும் விக்கப்போற வண்டி, வாங்கறவன் போட்டுக்கட்டுமே?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் என் கருத்து இதுதான்: ஆர்.சி.யில் பெயர் மாறும் நாள் வரை அந்த வண்டி உங்களுடையது. அதுவரை ஒரு நாள்கூட இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருக்கக் கூடாது. பணம் வாங்கியாச்சா, சாவி கொடுத்தாச்சா என்பதெல்லாம் அப்புறம்.

ஏன் என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30)ன்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு முடிந்தது. ஒருவர் 2007ல் காரை விற்றுவிட்டார். அது அடுத்தடுத்து சில கை மாறியது. 2009ல் விபத்து. ஆனால் ஆர்.சி.யில் அப்போதும் முதல் ஆள் பெயர்தான். "நான் எப்பவோ வித்துட்டேன்" என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை. பதிவில் இருக்கும் உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு போக முடியாது என்பது கோர்ட் சொன்ன காரணம். மறுக்க முடியாத காரணம்.

இப்போது விற்பனையைப் படிப்படியாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் டெஸ்ட் டிரைவ். பார்க்க வருகிறவர் ஓட்டினால் நம் பாலிசி செல்லுமா? செல்லும். நம் ஊர் பாலிசி பெரும்பாலும் வண்டியோடு போவது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் உங்கள் அனுமதியோடு ஓட்டலாம். அதனால் சாவியைக் கொடுக்குமுன் லைசென்ஸைக் கேளுங்கள், செல்லில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சங்கடப்பட வேண்டாம். நம் வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கவே எத்தனை காகிதம் கேட்கிறோம்! ஒன்று மட்டும் கவனம்: பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு. ஓட்டிப் பார்க்க வந்தவருக்கு அது கிடையாது. "ஹைவேயில எவ்வளவு போகும் பாக்கலாமா" என்று கேட்பவர்களுக்கும் ஒரு கும்பிடு. வேகச் சோதனை பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது.

அடுத்து புரோக்கர். "வண்டியை எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க சார், நாங்க வித்துத் தர்றோம்" என்பார். டிரான்ஸ்ஃபர் அவசரத்தில் இது சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால் தனியார் கார் பாலிசியை எடுத்து, எந்த உபயோகத்துக்குச் செல்லாது என்ற பகுதியைப் படியுங்கள். வாடகை, பந்தயம் இவற்றோடு "மோட்டார் வியாபாரம் தொடர்பான எந்த உபயோகமும்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். வியாபாரி தன் வியாபாரத்துக்காக ஓட்டும்போது இடித்தால் கம்பெனி அந்த வரியைத்தான் காட்டும். 2023 ஏப்ரல் முதல் இதற்கு நல்ல விதி வந்திருக்கிறது. பதிவு பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்தால் படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் பொறுப்பு டீலருக்கு. 29சி போட மாட்டேன் என்கிற டீலரிடம் வண்டியை விடாதீர்கள்.

கடைசியாக, விற்றபின். சட்டம் பிரிவு 157ன்படி வண்டி கை மாறும்போது இன்ஷூரன்ஸும் மாறியதாகவே கருதப்படும். வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனியில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். "அப்போ பிரச்னையே இல்லையே" என்று நினைக்கலாம். 1995ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது: இந்தத் தானியங்கி மாற்றம் மூன்றாம் நபருக்கான காப்புக்கு மட்டும்தான். வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு, கம்பெனி ஒப்புக்கொண்டு பாலிசியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் இடித்தால் பணம் கிடைக்காமல் வாங்கியவர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.

சரி, பாலிசியே முடிந்துபோயிருந்தால்? மாறுவதற்கே ஒன்றும் இல்லை. பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. அதுகூடச் சின்ன விஷயம். ஒரு உயிர் போனால் வரும் நஷ்டஈடு முழுதும் உங்கள் தலையில். பிராவிடண்ட் ஃபண்டும் பிள்ளையின் காலேஜ் பணமும் அதில் போகும். மிச்சம் பிடிக்க நினைத்தது ஒரு பிரீமியம்!

இன்னொன்று: நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்கு. தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 50 சதவீதம் தள்ளுபடி. விற்றபின் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு உபயோகிக்கலாம். பாலிசியை முடியவிட்டு 90 நாள் தாண்டினால் அதுவும் போச்சு.

எனக்கு ஒரு ஆதங்கம். ஆர்.சி. விவரம் வாகன் தளத்தில் இருக்கிறது. பாலிசி விவரமும் அங்கேயே தெரிகிறது. பின்னே எதற்கு ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு விண்ணப்பம், கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம், நடுவில் 14 நாள்? அங்கே பெயர் மாறும் நிமிஷமே பாலிசியிலும் மாறட்டும். போனஸ் வித்தியாசத்தை வாங்குபவரிடம் அப்போதே வசூலித்துக்கொள்ளட்டும். 157ஐ எழுதிய காலத்தில் எல்லாம் காகிதம். இன்றைக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அது நடக்கும் வரை நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். படிவம் 29, 30ல் வெறுமனே கையெழுத்துப் போட்டு நீட்டாதீர்கள். வெற்றுச் செக் யாராவது கொடுப்பார்களா? தேதி, வாங்குபவர் பெயர் எல்லாம் நிரப்பி, நகல் எடுத்துக்கொண்டு கொடுங்கள். சாவி கொடுத்த தேதியும் நேரமும் போட்டு ஒரு ரசீது வாங்குங்கள். வண்டி இன்னும் தமிழ்நாட்டுப் பதிவில் இருந்தால் அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. தேவை, கடன் இருந்தால் படிவம் 35. இரண்டுக்கும் நாளாகும், ஆர்டர் வந்த அன்றே ஆரம்பியுங்கள். ரிலீவ் ஆகும் முன் பெயர் மாறாவிட்டால் பத்தாயிரம் குறைத்தாவது பொறுமையாக மாற்றித் தருகிறவருக்கு விற்பேன் நான். கௌஹாத்தியில் உட்கார்ந்துகொண்டு நாக்பூர் டிரிப்யூனலுக்கு வாய்தாவுக்கு அலைவதைவிட அது மலிவு.

பி.கு.: அந்த நண்பர் பாலிசியைப் புதுப்பித்துவிட்டார். கார் இன்னும் விற்கவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். லைசென்ஸோடு வரவும்.