உயிர் தப்பினால் போதுமா?

"உயிர் தப்பியதே பெரிய காரியம். இனி முகத்தைப் பற்றி என்ன கவலை?"

வாய்ப்புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்துகொண்டு திரும்பும் நம்மவர்களிடம் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், தோட்டத்து ஒபிஸில் சொல்கிறார்கள், லயத்து வாசலில் நின்று நாமும் சொல்கிறோம். நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் இந்தச் சொல் நம்முடைய ஆட்களின் உரிமை ஒன்றைச் சத்தமில்லாமல் பறிக்கிறது, தோழர்களே.

என்னிடம் படிக்கும் ஒரு பையனின் அப்பாயிக்குக் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தைச் சரிசெய்யப் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூப்பிடவில்லை. எச்சில் ஓயாமல் வடிவதால் அவர் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுப்பதில்லை. திருவிழாவுக்கு வருவதில்லை. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்குவதில்லை. அவர் பேசுவது பேரனுக்கு மட்டும்தான் விளங்கும். அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் அவர் ஊமை. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த மனுஷி அவர்.

இதை அழகு பார்க்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாடை, நாக்கு, கன்னம் ஆகியவற்றில் எடுத்த இடத்தை நிரப்புவது புற்றுநோய் வைத்தியத்தின் ஒரு பகுதி. ஒப்பரேஷன் முடிந்து ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் கதிர்ச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பார்கள் வைத்தியர்கள். புண் மூடாமல் திறந்தே கிடந்தால் அது தள்ளிப்போகும். தள்ளிப்போனால் நோய் திரும்பி வர வழி கிடைக்கும். சாப்பிட முடியாதவர் மெலிந்துபோவார். மெலிந்தவரின் உடம்பு அடுத்த சிகிச்சையைத் தாங்காது.

வைத்தியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் படும் பாடும் நமக்குத் தெரிய வேண்டும். காலிலிருந்து எலும்பையும் இரத்தக் குழாயையும் எடுத்துத் தாடையில் வைத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் குழாய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைக்கும் சத்திரசிகிச்சைக்கு எட்டு, பத்து மணித்தியாலம் பிடிக்கும். அதன்பின் இராப்பகலாகத் தாதி ஒருவர் அந்தத் தசைக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் அடைத்தால் திரும்பவும் தியேட்டருக்கு ஓட வேண்டும். அந்த ஒரு நாளில் அதே தியேட்டரில் வேறு இரண்டு மூன்று பேரின் கட்டியை எடுத்திருக்கலாம். தியேட்டரும் மருந்தும் ஆளும் குறைந்தால் எதை வெட்டுவது?

2022 ஐ மறந்திருக்கமாட்டோம். அந்த மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல், திகதி கொடுத்திருந்த சத்திரசிகிச்சைகளையே நிறுத்தினார்கள். அவசரமானவை மட்டும் நடந்தன. செய்தியைப் பார்த்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், என்ன உதவி செய்யலாம் என்று கேட்கும்படி கொழும்பிலுள்ள தமது தூதுவருக்குச் சொன்னார். அதற்குப் பிறகு வைத்தியர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போனதையும் பார்த்தோம்.

இப்படிப்பட்ட நேரத்தில் "அவசரம்", "பிறகு பார்க்கலாம்" என்று இரண்டு பட்டியல் உண்டாகும். பணம் உள்ளவர் பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போவார். 1,350 ரூபா நாட்சம்பளத்துக்காக 2024 வரை போராடிய நாம், "பிறகு" பட்டியலின் அடியில் கிடப்போம். நமது சண்டை அந்தப் பட்டியலோடுதான்.

எல்லோருக்கும் பத்து மணித்தியால ஒப்பரேஷன் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நெஞ்சுத் தசையை இரத்த ஓட்டத்தோடு கழுத்துத் தோலுக்கு அடியால் திருப்பி வாய்க்குக் கொண்டுவரும் முறை 1979 இலிருந்து உலகத்துக்குத் தெரியும். அதற்கு மைக்ரோஸ்கோப் தேவையில்லை, நேரமும் குறைவு. மேல்தாடை போனவருக்குப் பல் வைத்தியர்கள் அச்செடுத்துச் செய்யும் தட்டு ஒன்று போதும், சோறு மூக்கால் வராது. குறைந்த வசதியிலும் செய்யக்கூடியவை இவை. ஆகவே நாம் கேட்பது இதுதான்: வாயில் ஓட்டையோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. எந்த முறை என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். ஆனால் தீர்மானிக்கும் முன் நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்கட்டும். கையிலிருந்து சதை எடுத்தால் கொழுந்தெடுக்கும் கை என்னாகும், கழுத்தில் வெட்டினால் தோள் தளர்ந்து கூடை சுமக்க முடியுமா என்பதைத் தமிழில் விளக்கட்டும். விளங்காத ஃபோமில் கைநாட்டு வாங்க வேண்டாம்.

இனி நம் பக்கம்.

இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். தோட்டத்தில் நமது பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் சொல்லிவிட்டது. குளிருக்கும் பசிக்கும் அட்டைக்கடிக்கும் என்று பழகியது. நாமோ இன்றுவரை சங்கக் கூட்டத்தில் வெற்றிலைத் தட்டு வைக்கிறோம். நானும் வைத்திருக்கிறேன்.

ஆறாத புண், வெள்ளைப் படை, சிவப்புப் படை, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைவது: இவற்றை ஆரம்பத்தில் பிடித்தால் சிறு துண்டை எடுத்துத் தைத்துவிடலாம். நெஞ்சுத் தசையும் கால் எலும்பும் பெரும்பாலும் தேவைப்படாது. அதைப் பார்க்க டொக்டரே வரவேண்டும் என்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கி, பயிற்சி கொடுத்த சாதாரண சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005 இல் முடிவு வந்தது. அதற்கும் முன்பே நம் நாட்டுக் கிராமங்களில் 34 சுகாதார ஊழியர்கள் 28,295 பேரைச் சோதித்து 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது 1984 இல் வெளியான ஆய்வு. அனுப்பியவர்களில் போனது பாதிக்குச் சற்று மேல்தான்.

மற்றவர்கள் ஏன் போகவில்லை என்று நம்மைக் கேட்டால் தெரியும். இராகலையிலிருந்தோ உடப்புசல்லாவையிலிருந்தோ பேராதனைக்குப் போய்வர ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், கூடப் போகிறவரின் பேரும் போகும். மஹரகம என்றால் இரண்டு மூன்று நாள். அதனால் புண் கட்டியாகும்வரை காத்திருந்து, பெரிய ஒப்பரேஷன் வேண்டிய நிலையில் போய் வரிசையில் நிற்கிறோம். தோட்டத்து ஆட்கள் பிந்தித்தான் வருவார்கள் என்று நம்மையே திட்டுகிறார்கள். ஒரு நாள் பேரை வெட்டுகிற கம்பனியைத் திட்டுவதில்லை.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் தலைவிமாரும் அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கவேண்டியவை: வாய்ப் பரிசோதனைக்கும் புற்றுநோய்க் கிளினிக்குக்கும் போகிற நாள் முழுப் பேர், கூடப் போகும் ஒருவருக்கும் அதே, வருடத்துக்கு இரண்டு முறை பிரட்டுக்களத்திலேயே வாய்ச் சோதனை. சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை என்று கம்பனியும், தோட்டம் கம்பனியின் பொறுப்பு என்று அரசாங்கமும் பந்து விளையாடினால் இரு பக்கத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவோம்.

ஒப்பரேஷன் முடிந்து "பிறகு கூப்பிடுவோம்" என்று அனுப்பப்பட்டவர்கள் உங்கள் டிவிஷனில் எத்தனை பேர் என்று இந்த மாதச் சந்தாக் கணக்கோடு எழுதி அனுப்புங்கள். கிளினிக் புத்தகத்தின் பிரதியையும் இணையுங்கள். அந்த அப்பாயியின் பெயரை நான் முதலில் எழுதிவிட்டேன்.