போட்டுப் போட்டுப் பழகிடும், மேடம்!

ஷூ கடையில் ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்து, "விரல் கிட்ட கொஞ்சம் பிடிக்குதே தம்பி" என்று நீங்கள் சொல்கிறீர்கள். "போட்டுப் போட்டுப் பழகிடும், மேடம்" என்று பதில் வருகிறது. உடனே அதைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். அவசரம் உள்ளவர்கள் இத்துடன் விட்டுவிடலாம். என்னைப் போலப் பென்ஷன் வாங்கிக்கொண்டு நேரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

எழுபத்து நாலு வயதுக் கிழவிக்கு ஓடுகிற ஷூவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் ஓடுவதில்லை. சாயங்காலம் பீச் ரோட்டில் ஒரு நடை, அத்தோடு சரி. ஓடுகிறவள் என் மருமகள். வயது நாற்பத்து மூன்று, இரண்டு பிள்ளைகள், வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆரோவில் பக்கம் போய், செம்மண் பாதைகளில் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு, இட்லிக்குச் சரியாக வந்துவிடுவாள். எனக்கு உள்ள தகுதி வேறு. புதுவை அரசுப் பணியில் பாதிக் காலத்தைக் கொள்முதல் பிரிவில் கழித்தவள் நான். நமக்கு என்ன தேவை என்பதை முதலில் தாளில் எழுதவேண்டும், அப்புறம்தான் கொட்டேஷன் வாங்கவேண்டும் என்பது அங்கே பாலபாடம். ஷூ வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் நிறம், பிறகு தள்ளுபடி, கடைசியில் கால்.

என் மருமகளின் தேவையை அப்படித்தான் ஒரு தாளில் எழுதினோம். கெட்டிப்பட்ட செம்மண், நடுநடுவே சரளைக்கல், முந்திரி வேர், மழைத் தண்ணீர் அரித்த சின்னப் பள்ளங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வருஷத்தில் ஒருமுறை, பிப்ரவரியில், ஆரோவில் மாரத்தானில் 21 கிலோமீட்டர். (2008 முதல் நடக்கிறது. முதல் பரிசு இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடுவது.) தார் ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும். காட்டுப் பாதையில் அப்படி இல்லை. ஒரு அடி கல்லின் மேல், அடுத்தது சரிவில், அதற்கடுத்தது வேரில். ஆகவே மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, கால் புரளாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். அதனால்தான் இதற்கு டிரெயில் ஷூ என்று தனியாக ஒரு வகை.

பெண்களுக்கென்று தனியாக வேண்டுமா என்றால், வேண்டும். ஒரே நீளமுள்ள ஆண் காலையும் பெண் காலையும் அளந்தால், பொதுவாகப் பெண்ணின் குதிகால் ஒடுங்கியிருக்கும். ஷூவை ஒரு அச்சின் மேல் வைத்துத்தான் தைக்கிறார்கள். ஆணின் கால் அச்சைச் சின்னதாக்கி, மேலே ரோஸ் வர்ணம் பூசி, 'லேடீஸ்' என்று பெட்டியில் போட்டு விற்பது ரொம்பக் காலம் நடந்தது. இன்னும் முழுக்க நின்றபாடில்லை. அந்த ஷூவில் குதிகால் மேலும் கீழும் வழுக்கும். வழுக்குகிறதே என்று நாடாவை இறுக்கினால் புறங்கால் வலிக்கும். இதில் காலின் குற்றம் ஒன்றுமில்லை. ஓடவே விடாதவர்களுக்கு யார் ஷூ செய்வார்கள்? ஒலிம்பிக்கில் 1928-இல் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டு, களைத்துப்போகிறார்கள் என்று நிறுத்தி, 1960-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல். அப்போது நான் வேலையில் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது!

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் தெரிந்த அளவு 'புவேன்த்யூர்'. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆங்கிலேயன் அளவில் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மில்லிமீட்டர். அமெரிக்காக்காரனும் அதே மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் பெண்களுக்குத் தனி எண் போடுவான். இதனால் பெட்டியில் மூன்று எண்ணும் அச்சடித்திருந்தாலும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது. "எப்பவும் ஆறு நம்பர்தான்" என்று சொல்லி வாங்குவது குருட்டு வேலை. சாயங்காலம், கால் கொஞ்சம் உப்பிய நேரத்தில், தாளின் மேல் எழுந்து நின்று இரண்டு காலையும் வரைந்து, பெரிய காலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றவர்கள் கல்யாணத்துக்கு முன்பு போட்ட அளவை மறந்துவிடலாம். பிரசவத்துக்குப் பிறகு பாதம் சில மில்லிமீட்டர் நீண்டு, உள்வளைவு கொஞ்சம் தாழ்ந்து, பலருக்கு அப்படியே நின்றுவிடுகிறது. இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும்.

அந்த இடம் ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. இரண்டு வருஷம் முன்பு மருமகள் தோழிகளோடு ஏலகிரிக்குப் போய் மலைப் பாதையில் இறங்கி ஓடிவிட்டு வந்தாள். இறக்கத்தில் கால் முன்னால் சரிந்து சரிந்து நுனியில் இடித்து, இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழ நிறம். அந்த ஷூவை விற்ற கடையில்தான் "பழகிடும்" என்ற உபதேசம் கிடைத்ததாம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. பள்ளியில் மஸேர்கள் கட்டாயமாக்கிய கறுப்புத் தோல் ஷூ கடித்தபோது வீட்டில் அதைத்தான் சொன்னார்கள். ஆபீசில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாமல் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்த காலத்திலும் அதைத்தான் சொன்னார்கள். அன்றைய தோல் ஷூவாவது நாள்பட நெகிழ்ந்து கொடுத்தது. இன்றைய ஓட்ட ஷூ வலைத்துணியும் ரப்பர் நுரையும்தான். முதல் ஐந்து நிமிஷத்தில் இடிக்கும் இடம் இருபதாவது கிலோமீட்டரிலும் இடிக்கும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு சங்கதி. செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்தவர்களின் விரல்கள் விரிந்து, முன்பாதம் அகலமாக இருக்கும். குதி ஒடுங்கி, முன்பக்கம் விசிறி மாதிரி அகன்ற ஷூதான் நமக்குப் பொருந்தும். சில கம்பெனிகள் 'வைட்' என்று தனியாகப் போடுகின்றன. ஆல்ட்ரா என்ற அமெரிக்கக் கம்பெனி முன்பக்கத்தைக் கால் வடிவிலேயே செய்கிறது. இதற்கு மேல் மெட்டி. நீண்ட ஓட்டத்தில் அது பக்கத்து விரலை அறுத்துவிடும். "கழட்டி வெச்சிட்டுப் போம்மா" என்று சொன்னது நான்தான். "அத்தை, யாராவது ஏதாவது சொல்லப்போறாங்க" என்றாள். சொன்னார்கள். எதிர்வீட்டம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ ஓடு என்றேன்.

இனி, புரளாமல் நிற்கும் விஷயம். தடித்த அடிப்பாகம் என்றாலே சுகம் என்று நினைக்கிறார்கள். மெத்தையின் மேல் நின்று ஒற்றைக் காலைத் தூக்கிப் பாருங்கள், தெரியும். உயரமும் மிருதுவும் சேர்ந்தால் கணுக்கால் மடங்க வசதியாகப் போய்விடும். ஆனால் தடிப்பு எல்லாமே மோசம் என்றும் சொல்லமாட்டேன். 2009-இல் பிரான்சில் ஆன்சி என்ற ஊரில், சலோமோன் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த இரண்டு பேர் 'ஹோகா' என்று தடித்த ஷூ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மலையிலிருந்து வேகமாக இறங்குவதற்கென்று யோசித்தது. அதன் அடிப்பாகம் தடிப்பு மட்டுமல்ல, அகலமும்கூட. பாதம் நுரையின் மேல் உட்காராமல் அதற்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும், சொம்புக்குள் வைத்த மாதிரி. (பிரெஞ்சில் 'ஹ' உச்சரிப்பு கிடையாது. பழக்கதோஷத்தில் கடையில் "ஓக்கா காட்டுங்க" என்றேன். அந்தப் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்த அக்காம்மா?" என்றான்.)

கடையிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு, யந்திரம் ஒன்றும் வேண்டாம். ஷூவின் இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள். ஈரத்துணி மாதிரி சுருண்டால் வேண்டாம். மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மடங்கவேண்டும், நடுவில் ஒடியக் கூடாது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், நெளியாமல் நிற்கவேண்டும். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று. பிறகு கடை மாடிப்படியில் இறங்கச் சொல்லுங்கள். நுனியில் விரல் இடித்தால் அரை அளவு கூட்டுங்கள். குதி வழுக்கினால், மேலே கடைசியாக இருக்கும் உபரித் துளையில் நாடாவை வளையமாக விட்டு, அந்த வளையத்துக்குள் எதிர்ப்பக்க நாடாவை நுழைத்துக் கட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் அது உங்கள் ஷூ இல்லை.

"உங்களுக்குத் தட்டைப் பாதம், ஆகவே இந்தக் கட்டுறுதி மாடல்தான்" என்று அடித்துச் சொல்கிறவரையும் அப்படியே நம்பவேண்டாம். அமெரிக்காவில் ராணுவம், விமானப்படை, மரைன் மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாத வடிவைப் பார்த்து ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். காயங்கள் குறையவில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் அரை மாரத்தானுக்குத் தயாரான 81 பெண்களுக்கு 13 வாரம் வெவ்வேறு வகை ஷூக்களைக் கொடுத்தார்கள். பாதம் உட்பக்கம் சாய்வதை மிகவும் கெட்டியாகத் தடுக்கும் ஷூ போட்டவர்கள்தான் வலி என்று அதிகம் சொன்னார்கள். கனடாவின் பென்னோ நிக் என்ற பேராசிரியர் 2015-இல் சகாக்களோடு எழுதியது இன்னும் எளிமை: காலுக்கு எது சுகமாகத் தோன்றுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், உடம்பு தனக்கு ஏற்ற அசைவைத் தானே தேடிக்கொள்ளும். மோன் பிளான் மலையைச் சுற்றி சுமார் 170 கிலோமீட்டர் ஓடும் போட்டியில் 2019, 2021, 2023 என்று மூன்று முறை பெண்களில் முதலாவதாக வந்த கோர்ட்னி டௌவால்டர் முழங்கால் வரை தொங்கும் தொளதொளக் கால்சட்டையில்தான் ஓடுகிறார். சுகமாக இருக்கிறதாம்.

அடியில் இருக்கும் ரப்பர் பற்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் பக்கத்துக் காய்ந்த செம்மண்ணுக்கு மூன்று, நாலு மில்லிமீட்டர் போதும். ஐப்பசி கார்த்திகை மழைச் சேற்றில் ஓடித்தான் ஆகவேண்டும் என்கிறவர்கள் ஐந்துக்கு மேல், பற்கள் தள்ளித் தள்ளி இருக்கும்படி பார்க்கட்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு கால் ஒரு கிலோ ஆகிவிடும். கோர்டெக்ஸ் என்று தண்ணீர் புகாத துணி வைத்து, கூடுதல் விலை சொல்வார்கள். நம் மழை மேலிருந்து கொட்டிக் கணுக்கால் வழியாக உள்ளே போகிற மழை. உள்ளே போனது வெளியே வராது. வெயில் காலத்தில் வியர்வையும் அதே கதி. அந்தப் பணத்துக்கு இரண்டு ஜோடி நல்ல சாக்ஸ் வாங்கலாம், பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் தரும்.

குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 'டிராப்' என்பார்கள். பத்து மில்லிமீட்டரில் பழகியவர்கள் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்கினால் கெண்டைக்கால் சண்டைக்கு வரும். வாரத்தில் ஒருநாள், குறைந்த தூரம் என்று ஆரம்பித்தால் தொந்தரவில்லை.

"ஒரு ஷூவுக்கு இத்தனை ஆயிரமா, அதுவும் வீட்டுப் பொம்பளைக்கு?" என்று என் தம்பி கேட்டான். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும் என்பார்கள். மருமகள் ஓடும் கணக்குக்கு ஏறக்குறைய ஒரு வருஷம். அவன் மகன் ஒரு வருஷத்தில் பைக்குக்குப் போடும் பெட்ரோல் கணக்கை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.